ஆலைக் கொட்டாயில் ஒரு கர்ப்பம்: இரண்டு பதிவேடுகளுக்கு நடுவே ஒரு தாய்

ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி சுற்றுவட்டாரத்தில் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் காய்ச்சும் ஆலைகள் நிறைய. அந்த ஆலைக் கொட்டாய்களில் பருவம் முழுக்கத் தங்கி வேலை செய்யும் குடும்பங்களோடு எங்கள் சிறு பெண்கள் குழு பல ஆண்டுகளாகப் பழகி வருகிறது. அவர்களில் ஒரு கர்ப்பிணிக்கு ஒரு பருவத்தில் நேர்ந்ததைத் தொடக்கம் முதல் இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், ஊர் போன்ற அடையாளங்களை விட்டுவிட்டேன்.

தாயும் சேயும் நலமாக இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் இதை எழுத வேண்டியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் அந்த மரணம் தனியாக ஆராயப்படுகிறது. எங்கே தாமதம், யார் அனுப்பினார்கள், ரத்தம் இருந்ததா என்று கேட்கிறார்கள். நூலிழையில் தப்பியவரைப் பற்றி அப்படி உட்கார்ந்து கேட்பது குறைவு.

பின்னணி

அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 22. சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலைப்பகுதியில் ஒரு சிற்றூர்க்காரர். இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. மழையை நம்பி ராகியும் குச்சிக்கிழங்கும் வைக்கும் கொஞ்சம் நிலம், அதற்கும் பட்டா இல்லை. ஆயுத பூஜை முடிந்ததும் மேஸ்திரி மலைக்கு வந்து அட்வான்ஸ் கொடுப்பார். கணவன், மனைவி, குழந்தை மூவரும் கீழே இறங்கி வைகாசிக் கடைசி வரை கொட்டாயில் இருப்பார்கள்.

அவர்கள் மலையாளி என்னும் மலைவாழ் மக்கள், கேரளத்து மலையாளிகள் வேறு. சேலம், தர்மபுரி மாவட்டங்களில் இதே மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியல் மாவட்டப் பெயரைச் சொல்லித்தான் அவர்களைச் சேர்த்தது. அதில் பழைய கோயம்புத்தூர் மாவட்டம் இல்லை. அதிலிருந்து பிரிந்த ஈரோட்டு மலைகளில் வாழ்கிறவர்களுக்கு இன்றுவரை பழங்குடிச் சான்று கிடையாது. வன உரிமைச் சட்டத்தில் பட்டா கேட்டாலும், பழங்குடி அல்லாதவர் என்பதால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மகப்பேறு பற்றிய பதிவில் இது எதற்கு என்று தோன்றலாம். நிலம் உறுதியாக இருந்தால் அவர் கர்ப்பத்தோடு கொட்டாய்க்கு வந்திருக்க மாட்டார், அதற்காகத்தான்.

சேவைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் உயிருடன் பிறப்புக்குத் தாய் மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இவை பலருடைய உழைப்பால் வந்த எண்கள், குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் குடும்பநல ஆய்விலேயே தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. குழந்தை எங்கே பிறந்தது என்பதை முதல் எண் சொல்கிறது. பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் அந்தத் தாய் எப்படி இருந்தாள் என்பது அதில் வராது.

இரண்டு பதிவேடுகள்

நாள் தள்ளிப்போனது கொட்டாயில் இருக்கும்போதுதான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பொங்கலுக்கு மலைக்குப் போனபோது அங்கிருந்த கிராம சுகாதார செவிலியர் பார்த்து, பதிவு செய்து, தாய் சேய் நல அட்டை கொடுத்தார். அதற்குள் 14 வாரம் முடிந்திருந்தது. ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.9 கிராம். கர்ப்பிணிக்குக் குறைந்தது 11 இருக்க வேண்டும். தடுப்பூசி போட்டார், சத்து மாத்திரை கொடுத்தார், அடுத்த மாதம் வரச் சொன்னார். குடும்பம் மறுவாரமே கீழே இறங்கிவிட்டது.

அட்டையில் எழுதியிருந்த போன் எண் கணவரின் தம்பியுடையது. அவர் மலையிலேயே இருப்பவர், பாதி நேரம் சிக்னல் கிடைக்காது. செவிலியர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கடைசியில் ‘வெளியூர் சென்றுள்ளார்’ என்று பதிவேட்டில் குறித்துவிட்டார். அவர் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

கீழே நிலைமை வேறு. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. நிலையாகக் குடியிருப்பவர்களை வைத்துப் போடும் கணக்கு இது. தோட்டத்துக்குள் பருவத்துக்கு மட்டும் போட்டிருக்கும் கொட்டாயில் யார் இருக்கிறார்கள் என்பது அதில் ஏறாது. இது போதாதென்று, அந்த ஆலை இரண்டு துணை நிலையங்களின் எல்லையில் இருந்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துச் செவிலியர் அது அந்தப் பக்கத்துக் கொட்டாய் என்று நினைத்திருந்தார், அந்தப் பக்கத்தவர் இந்தப் பக்கம் என்று நினைத்திருந்தார். இருவருமே வேலையில் சுணக்கம் காட்டுகிறவர்கள் இல்லை. மேலே பதிவேட்டில் பெயர் இருந்தும் ஆள் இல்லை, கீழே ஆள் இருந்தும் பெயர் இல்லை. மூன்று மாதம் இப்படியே ஓடிவிட்டது.

கொட்டாயில் கண்டது

சித்திரை பிறந்த பிறகு எங்கள் குழுவினர் கொட்டாய்களுக்குப் போனபோது அவரைப் பார்த்தோம். சக்கையை வெயிலில் பரப்பிக் காயவைத்து, புரட்டி, காய்ந்ததைக் கொப்பரை அடுப்புக்குச் சுமந்து போடுவது அவருடைய வேலை. கரும்புப்பால் காய்ச்சும் அடுப்பு விடிவதற்கு முன்பே பற்றிவிடும். நாலு கூடை சுமந்ததும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். கண்ணின் கீழ்இமை வெளுத்திருந்தது. கால் வீங்கியிருந்தது. அடுப்பு மண்ணைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வதாகக் கூட இருந்த பெண்கள் சொன்னார்கள். ரத்தசோகை முற்றினால் மண், சாம்பல், பச்சரிசி மேல் ஆசை வருவது பலருக்கும் உண்டு.

அட்டையும் மாத்திரையும் ஒரு மஞ்சப்பையில் கூரை மூங்கிலில் தொங்கின. மாத்திரை பெரும்பாலும் அப்படியே இருந்தது.

“சாப்பிட்டா வயித்தப் புரட்டுதுங்க்கா. கருப்பா வேற போகுது. பயந்துட்டு விட்டுட்டனுங்க” என்றார்.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. இதை ஒருவர் ஒரு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் போதும். மாத்திரையை டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பதும் அவருக்குத் தெரியாது. கொட்டாயில் காலை ஆகாரமே டீதான்.

கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை நடக்கும். போய்வர அரை நாள், வரிசையில் அரை நாள். செவ்வாய்க்கிழமைகளில் அவருக்குச் சக்கை காயவைக்கும் வேலை இருந்தது. பரிசோதனை இலவசம்தான். அந்த ஒரு நாள் கூலியும் ஆட்டோக் காசும் மட்டும் அவர்கள் தர வேண்டிய விலை.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை கூட்டிப்போனோம். 29 வாரக் கர்ப்பம். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. ரத்த அளவு 6.6.

முதல் முடிவு: கடனைப் பேசிவிட்டு மருத்துவமனைக்கு

7 கிராமுக்குக் கீழே போனால் கடும் ரத்தசோகை. அதுவும் கடைசி மூன்று மாதங்களில் என்றால் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும் என்பது அரசு வழிகாட்டுதல். இப்படிப்பட்ட உடம்பு பிரசவத்தில் சாதாரண ரத்தப்போக்கைக்கூடத் தாங்காது, இதயமே தளர்ந்துவிடலாம். மருத்துவ அலுவலர் பெண். அதைப் பொறுமையாக விளக்கி, அன்றைக்கே ரத்த வங்கியுள்ள ஜி.எச்.சுக்குப் போகச் சொன்னார். கணவர் தலைகுனிந்து நின்றார். வெளியே வந்த பிறகுதான் பேசினார்: “ஒரு வாரம் படுத்துட்டா மேஸ்திரிக்கு யாருங்க பதில் சொல்றது? வாங்குன காசு செலவாகிப்போச்சுங்களே.”

108-ஐ அழைத்து உடனே ஏற்றிவிடுவதா, முதலில் கொட்டாய்க்குப் போய்ப் பேசுவதா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. பேசுவது என்று முடிவெடுத்தோம். கடன் பயத்தோடு வார்டில் படுக்கும் பெண் மறுநாளே எழுந்து வந்துவிடுவார் என்பதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். மூச்சுத் திணறலோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் காத்திருக்கக் கூடாது, நேராக 108 என்று மருத்துவர் சொன்னதை ஏற்று, ஒரு இரவு மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஆலைக்காரரிடம் பேசுவது சுலபமாக இருந்தது. “போட்டும்ங்க, அந்தப் புள்ள நல்லபடியா வந்தாச் சரி” என்றார். ஆனால் அட்வான்ஸ் கணக்கு அவர் கையில் இல்லை, மேஸ்திரி கையில் இருந்தது. மேஸ்திரியும் மலைக்காரர்தான், அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் உண்டு. ராத்திரி நெடுநேரம் பேசி, வராத நாட்களின் கூலியை அடுத்த பருவத்துக் கணக்கில் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார். அதாவது, சிகிச்சைக்குப் போன நாட்கள் கடனாக ஏறின. இந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் வராது.

வார்டில் நான்கு நாள்

மறுநாள் சேர்த்தார்கள். இரும்புச் சத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். மருந்து, சாப்பாடு, பரிசோதனை எதற்கும் காசில்லை. துணைக்கு மாமியார் மலையிலிருந்து இறங்கி வந்தார்.

சிக்கல் குழந்தையால் வந்தது. அம்மாவை விட்டு இருந்தறியாத இரண்டரை வயதுப் பிள்ளை. தொற்று வரும் என்பதால் வார்டில் குழந்தைகளை இரவு தங்கவிட மாட்டார்கள். காரணம் நியாயமானதுதான். பகலில் உள்ளே விட்டார்கள். இரவில் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளி வராந்தாவில் படுத்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் விடியற்காலை குடும்பமே கிளம்பிக் கொட்டாய்க்கு வந்துவிட்டது. மருத்துவமனைப் பதிவில் அதற்கு ‘சொல்லாமல் சென்றவர்’ என்று பெயர். மாமியார் சொன்னபடி, முந்தின இரவு ஒரு ஊழியர், ‘ஊசி போட மட்டும் இங்க வருவீங்க, சொன்னாக் கேட்க மாட்டீங்க, மலையிலயே கிடங்க’ என்று திட்டியிருக்கிறார். அந்தச் சொல்தான் அவர்களைக் கிளப்பியது என்று நான் நினைக்கிறேன். காய்ச்சல் மட்டும் என்றால் அங்கேயே மருந்து வாங்கியிருப்பார்கள்.

இங்கே இரண்டாவது முடிவு. கட்டாயப்படுத்தித் திரும்ப அனுப்ப வேண்டாம் என்று நினைத்தோம். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ரத்த அளவு 7-ஐத் தாண்டியிருந்தது. அபாய அறிகுறி எதுவும் இல்லை. மீதி ஊசியை இங்கேயே, செவ்வாய் அல்லாத நாட்களில், மதியத்துக்கு மேல் போட முடியுமா என்று மருத்துவ அலுவலரிடம் கேட்டோம். அவர் ஜி.எச். மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு ஒப்புக்கொண்டார். பக்கத்தில் பிள்ளை விளையாட, கண்காணிப்பில் மருந்து ஏறியது. சக்கை சுமக்கும் வேலையை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து வெல்லம் பிடித்துத் துணியில் அடுக்கும் வேலைக்கு மாற்றித் தர ஆலைக்காரர் சம்மதித்தார். மாத்திரையை டீயோடு விழுங்காமல் ராத்திரி சோற்றுக்குப் பிறகு போட்டதில் வயிற்றுப் புரட்டலும் குறைந்தது. 34 வாரத்தில் 8.8.

எங்கே பிரசவம்?

வைகாசி முடிந்தால் கொட்டாய் காலி. குடும்பம் மலைக்குப் போய்விடும். நாள் கணக்கு ஆனி கடைசியில் விழுந்தது. முதல் குழந்தை மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்ததால் அங்கேயே போதும் என்றார் மாமியார். நெருங்கிய ஊர், தெரிந்த நர்சம்மா, அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் அங்கே ரத்தம் இல்லை. ரத்தப்போக்கு மிஞ்சினால் கே.என்.பாளையம் வழியாக வளைவு வளைவாக இறங்கி வர வேண்டும். மழை பெய்தால் ஊருக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் தண்ணீர் வந்துவிடும்.

மலைப்பகுதிப் பெண்கள் நாள் நெருங்கும்போது முன்கூட்டியே வந்து தங்கப் பிரசவகாலக் காத்திருப்பு அறைகள் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் வார்டு அனுபவத்துக்குப் பிறகு, பிள்ளையோடு ஒரு கட்டடத்தில் வாரக்கணக்கில் இருப்பதை அவர் ஏற்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. கணவரின் அக்கா அடிவாரத்தில் குடியிருந்தார். 36 வாரம் முதல் அவர் வீட்டில் தங்குவது, 38 வாரத்தில் ஜி.எச்.சில் சேர்வது, வலி கண்டால் நாள் பார்க்காமல் 108 என்று முடிவானது.

இதில் பெரிய உதவி சின்ன விஷயத்தால் வந்தது. மலைச் செவிலியருக்கும் ஆலைப் பகுதிச் செவிலியருக்கும் ஒருவர் எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்தோம். இருவரும் நேரடியாகப் பேசிக்கொண்டார்கள். அடிவாரத்துச் செவிலியரையும் அவர்களே பிடித்துச் சொன்னார்கள். அட்டையில் அக்கா வீட்டு எண் ஏறியது. அதற்குப் பிறகு எங்களை விட அவர்கள்தான் அவரைப் பின்தொடர்ந்தார்கள்.

பிரசவம்

37 வாரம் முடிந்த சமயத்தில், திட்டமிட்ட நாளுக்கு முன்பே, இரவு வலி கண்டது. 108 வந்தது. விடிவதற்குள் சுகப்பிரசவம், ஆண் குழந்தை, எடை 2.2 கிலோ. 2.5-க்குக் கீழே என்றால் எடை குறைந்த குழந்தை. பாலை இழுத்துக் குடிக்கச் சிரமப்பட்டதால் சில நாட்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வைத்திருந்தார்கள்.

நஞ்சு விழுந்த பிறகு கர்ப்பப்பை சரியாகச் சுருங்காமல் ரத்தம் கூடுதலாகப் போனது. ஊசி மருந்துகளோடு ரத்தமும் ஏற்றினார்கள். ரத்தம் தயாராக இருந்தது, கட்டுக்குள் வந்தது. 6.6-இல் இருந்த உடம்போடு, ரத்தம் இல்லாத இடத்தில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மருத்துவரிடம் கேட்டேன். “அந்தக் கேள்வி வேண்டாம்மா” என்றார்.

இந்த முறை வார்டில் யாரும் திட்டவில்லை. மூத்த குழந்தையை அக்கா வீட்டில் விட்டிருந்ததால் அவரும் நிம்மதியாக இருந்தார். தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவிடும் அரசின் 102 வண்டியில் அடிவாரம் வந்து சேர்ந்தார்கள்.

அதன் பிறகு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைத் தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. 14,000 ரொக்கம், 4,000-க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பகாலத்தில் சாப்பிட வேண்டிய பெட்டகம் மலையில் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் கீழே இருந்தார். பிரசவத்துக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. 12 வாரத்துக்குள் பதியாததால் முதல் தவணையிலும் தகராறு. ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்து. இதையெல்லாம் சரிசெய்ய அவர்கள் மலையிலிருந்து இறங்கி இறங்கி அலைந்தார்கள். இதை எழுதும்போது பணம் முழுதாக வரவில்லை.

பிறப்புச் சான்றிதழும் இழுத்தது. தமிழ்நாட்டில் அதற்குக் கர்ப்பப் பதிவின் 12 இலக்க எண் வேண்டும். மலையில் ஒரு எண் இருந்தது. கீழே முதல்முறை பார்த்தபோது பழைய எண் கிடைக்காமல் இன்னொன்று போட்டுவிட்டார்கள். ஒரே கர்ப்பத்துக்கு இரண்டு எண். ஒன்றை நீக்கிய பிறகே சான்று வந்தது.

குழந்தை இப்போது நன்றாக எடை கூடி வருகிறான். புதன்கிழமைத் தடுப்பூசிகளை மலைச் செவிலியர் தவறாமல் போட்டுவிட்டார். தாயின் ரத்த அளவு 10-ஐத் தாண்டியிருக்கிறது.

அடுத்த பருவத்தில் செய்யப்போவது

எங்கள் அளவில் செய்யக்கூடியதை ஆரம்பித்துவிட்டோம். ஆயுத பூஜைக்குப் பிறகு ஆட்கள் இறங்கும் வாரத்திலேயே கொட்டாய் கொட்டாயாகப் போய், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெயரையும் சொந்த ஊர்ச் செவிலியர் எண்ணையும் எழுதி இரண்டு பக்கத்துத் துணை நிலையங்களுக்கும் கொடுக்கிறோம். எல்லை வாய்க்காலை ஒட்டிய கொட்டாய்கள் யார் பொறுப்பு என்று வட்டார மருத்துவ அலுவலர் எழுத்தில் பிரித்துக் கொடுத்திருக்கிறார். மேஸ்திரிகளிடமும் பேசுகிறோம். நிறைமாதத்தில் சக்கை சுமக்கும் வேலை கூடாது என்பதைப் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். மருத்துவமனை நாட்களைக் கடனில் ஏற்றக் கூடாது என்பதை இன்னும் யாரும் ஏற்கவில்லை.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. புதிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. வெளியூர் சென்றவர் என்று ஒரு செவிலியர் குறித்தால், போன இடத்துச் செவிலியருக்கு அந்தப் பெயர் தானாகப் போய்ச் சேர வேண்டும். கணினியில் பதிவு இருக்கும்போது இது முடியாத காரியமல்ல. பெட்டகத்தைப் பதிந்த இடத்தில் மட்டுமின்றி, இருக்கும் இடத்தில் வாங்க வழி வேண்டும். ஆலைப் பருவத்தில் மாதம் ஒரு நாளாவது மாலைப் பரிசோதனை வேண்டும். தாயைச் சேர்க்கும் மருத்துவமனையில் அவளுடைய மூத்த குழந்தை இரவு தங்க ஒரு அறை வேண்டும். நான்காம் நாளில் வெளியேறிய பெண்ணை வார்டிலேயே நிறுத்தியிருக்க அந்த ஒரு அறையும் ஒரு மரியாதையான சொல்லும் போதுமானதாக இருந்திருக்கும். இந்தக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்திருக்கிறோம். மாலைப் பரிசோதனைக்கு மட்டும் வாய்மொழியாகச் சம்மதம் கிடைத்திருக்கிறது. மற்றவற்றுக்குப் பதில் வரவேண்டும்.